நாய்க்கு வைத்த சோறு

என் மகளுக்குக் கை சும்மா இருக்காது. மடியில் கிடந்து பால் குடிக்கிற வயதிலேயே என் தாலிச் சரட்டை முறுக்கி முடிச்சுப் போட்டுப் பார்த்தவள். நடக்க ஆரம்பித்ததும் நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயத்துக்கு முன்னால் கிடந்த செம்மண்ணைக் குழைத்து மாடு செய்தாள், கோழி செய்தாள், தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியாரின் சைக்கிளைச் செய்தாள். அந்தச் சைக்கிளுக்கு மூன்று சக்கரம். ஏனடி என்று கேட்டால், கிராணியார் குண்டு, ரெண்டு சக்கரம் தாங்காது என்பாள். நான் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, கிராணியார் இந்தப் பக்கம் வருவதற்குள் அதை உருட்டி மறுபடி மண்ணாக்கி வைப்பேன்.

செய்ததைப் பற்றிக் கதையும் சொல்வாள். ஆனால் ஒரு கதையை இரண்டாம் முறை கேட்டால் அதே கதை வராது. காலையில் முட்டை போட்ட கோழி சாயங்காலம் ரயிலேறிச் சிங்கப்பூர் போயிருக்கும். முட்டை என்னடி ஆச்சு என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். கோழி ஊருக்குக் கிளம்பிய பிறகு முட்டையை யார் நினைத்தார்கள்? நாங்கள் வேலைக்குப் போனதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகை ஆயா, "ஒன் மக சரியான பொய்க்காரி" என்று ஒரு நாள் என்னிடமே சொன்னாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பொய் சொல்கிறவள் சொன்னதை ஞாபகம் வைத்துக்கொண்டு அதையே திரும்பச் சொல்வாள், என் மகள் அப்படி இல்லை என்று ஆயாவிடம் சண்டை போட்டுவிட்டு வந்தேன். அப்போது எனக்கு அது பெரிய பெருமை.

அது வெள்ளைக்காரன் ஆட்சியில் வந்த எமர்ஜென்சி காலம். மலாக்கா பக்கம், டுரியான் துங்காலிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நானும் என் வீட்டுக்காரரும் பால் வெட்டிக்கொண்டிருந்தோம். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த லயங்களையெல்லாம் பிரித்து, எல்லாரையும் ஒரே இடத்தில் நெருக்கி வைத்து, சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட்டு வைத்திருந்தார்கள். கேட்டில் துப்பாக்கியோடு மாத்தாக்கள் நிற்பார்கள். போலீசை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வேலிக்கு அந்தப் பக்கம் ரப்பர்க்காடு, அதையும் தாண்டினால் பெருங்காடு, அதற்குள் கம்யூனிஸ்டுகள். அவர்களைக் காட்டுக்காரர்கள் என்போம், அதையும் வாய்க்குள்தான் சொல்வோம்.

காட்டுக்காரர்களுக்குச் சோறு போகக்கூடாது என்பது சட்டம். அரிசி அளந்துதான் கொடுப்பார்கள். கேட்டைத் தாண்டி ஒரு பிடி அரிசி போகக்கூடாது. விடியற்காலையில் வெட்டுக்குப் போகும்போது வெறும் தேத்தண்ணியோடு போவோம், வேலை முடிந்து திரும்பி வந்துதான் பசியாறுவோம். சோறு கொடுத்தார்கள் என்று பிடித்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. சிலரை ஜெயிலில் போட்டார்கள். சிலரைக் கப்பலேற்றி, அவர்கள் கண்ணால் கண்டிராத இந்தியாவுக்கு அனுப்பினார்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஒருத்தியின் புருஷனை அப்படிக் கொண்டுபோன மறுவாரமே அவளுக்கு வேலையும் போய், வீடும் போய், பிள்ளைகளோடு சாலையில் நின்றாள். அவள் அழக்கூட இல்லை என்று சொன்னார்கள். எனக்குப் பல நாள் அதுவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

எங்களிடம் ஒரு நாய் இருந்தது. அதுவரை அதை ஏறெடுத்தும் பார்க்காத என் வீட்டுக்காரருக்குத் திடீரென்று அதன் மேல் பாசம் பொங்கியது. சாயங்காலம் சாப்பிட்டு எழும்போது தட்டில் பாதியை மிச்சம் வைத்து, நாய்க்கு என்று இலையில் மடித்து எடுத்துக்கொண்டு, மகளையும் கையில் பிடித்துக்கொண்டு, லயத்துக்குப் பின்னால் வேலியோரம் இருந்த கக்கூஸ் பக்கம் போவார். இருட்டுவதற்குள் பிள்ளையைப் போகவைத்துவிட்டால் அப்புறம் தொல்லையில்லை என்பார். எனக்கு என்றைக்காவது இப்படி மிச்சம் வைத்திருப்பீர்களா, அடுத்த பிறவியில் நானும் நாயாகப் பிறக்கிறேன் என்று கேலி செய்வேன். கேலி செய்தேனே தவிர, இவ்வளவு சோறு தின்றும் அந்த நாய் இளைத்துக்கொண்டே போகிறதே என்று யோசிக்கவில்லை. வயிற்றில் பூச்சி இருக்கும் என்று வேப்பங்கொழுந்து அரைத்து அதன் வாயில் ஊற்றினேன். அது என் கையைக் கடித்ததுதான் மிச்சம்.

அந்த வருஷம் மகளுக்கு அம்மை போட்டது. உடம்பெல்லாம் முத்து முத்தாக எழும்பி, கண்ணே திறக்க முடியாமல் கிடந்தாள். அவளுக்கு அப்போது ஆறு வயது. பிள்ளை பிழைத்து எழுந்தால் மலாக்கா அம்மன் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து மாவிளக்குப் போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். எழுந்தாள். எழுந்து முதல் வேலையாக, தலைமாட்டில் செருகியிருந்த வேப்பிலைக் காம்புகளை உருவி வீடு கட்டினாள்.

மாவிளக்கு என்றால் பச்சரிசியை ஊறவைத்து இடித்துச் சலித்து, வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழி செய்து, நெய்யூற்றித் திரி போட்டு ஏற்றுவது. அளந்து வருகிற அரிசியில் கைப்பிடி கைப்பிடியாக ஒதுக்கி வைத்தேன். மாவை வீட்டிலேயே பிசைந்து தூக்குச்சட்டியில் வைத்து, மேலே வேப்பிலை பரப்பி, மஞ்சள் துணியால் கட்டினேன். அரிசி கேட்டைத் தாண்டக்கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இது அரிசி இல்லையே, அம்மனுக்கு என்று துணி கட்டியாகிவிட்டதே. கட்டிய பிறகு அதை அரிசி என்று சொல்லவே எனக்கு நாக்கு வராது. கேட்டில் பெண்களைச் சோதிக்கிறவளும் எங்கள் லயத்துக்காரிதான். மூடியைத் திறந்தாள், வேப்பிலையைக் கண்டாள், கண்ணில் ஒற்றிக்கொண்டு மூடிவிட்டாள். எங்கள் இரண்டு பேருக்குமே அதில் தப்பு எதுவும் தெரியவில்லை.

மகளுக்கு அதுதான் முதல் பஸ் பயணம். ஜன்னலோரம் உட்கார வைத்தேன். டுரியான் துங்காலைத் தாண்டியதும் சாலைக்கு இரண்டு பக்கமும் மரங்களை வெட்டி வெறும் பொட்டலாக்கியிருந்தார்கள். ஒளிந்திருந்து சுட முடியாமல் இருக்க அப்படி. நடுவில் ஓரிடத்தில் எரிந்துபோன குடிசைகளின் கால்கள் மட்டும் கறுப்பாக நின்றன. ஒரு கோழிக்கூண்டு கதவு திறந்தபடி கிடந்தது. பஸ்ஸில் அதுவரை பேசிக்கொண்டு வந்தவர்கள் அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். மகள் மட்டும் இங்கே இருந்த கோழி எங்கே போச்சு என்று என்னைக் கேட்டாள். சிங்கப்பூருக்குப் போயிருக்கும் என்றேன். இல்லை, பயந்து ஓடியிருக்கும் என்றாள்.

அவள் கை தூக்குச்சட்டியைத் தடவ ஆரம்பித்தது. படைக்கும் முன் வாயில் வைக்கக்கூடாது என்று சொல்லி ஒரு உருண்டை மாவைக் கிள்ளிக் கொடுத்தேன். வாயில் வைக்கவில்லை. அந்த விஷயத்தில் சொன்ன பேச்சுக் கேட்பாள். சட்டியின் மூடியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு செய்யத் தொடங்கினாள். வேப்பிலைக் காம்புகளை வரிசையாக நட்டாள், அது வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு நாய். நகத்தால் கீறிக் கீறி அதற்கு விலா எலும்பு வைத்தாள். அந்தப் பக்கம் ஒரு ஆள், ஒரு கையை வேலிக்கு மேல் நீட்டிக்கொண்டு. விரல்கூட வைத்திருந்தாள். அவ்வளவு நன்றாக அவள் அதுவரை எதையும் செய்ததில்லை. எனக்கு வாயெல்லாம் பல்.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் முகம் சுருங்கியது. அதை வாங்கி உருட்டிப் போடு என்றார். பிள்ளை சத்தமில்லாமல் இருப்பது உங்களுக்குப் பொறுக்கவில்லையா என்று நான் எரிந்து விழுந்தேன். அவர் கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

புக்கிட் பெருவாங் வருவதற்கு முன் பஸ் நின்றது. சாலைக்குக் குறுக்கே ராணுவ லோரி நின்றுகொண்டிருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள், மலாய் மாத்தாக்கள், அவர்களுக்கெல்லாம் மேலாக ஒரு இளம் வயது வெள்ளை அதிகாரி. முந்தின நாள் அந்தப் பக்கத்தில் எங்கோ ஒரு துரையைக் காட்டுக்காரர்கள் சுட்டுவிட்டார்கள் என்று பின் சீட்டில் யாரோ முணுமுணுத்தார்கள். எல்லாரையும் இறக்கி, ஆண்களை ஒரு பக்கமும் பெண்களை ஒரு பக்கமும் நிறுத்தினார்கள். ஐ.சி. என்கிற அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார்கள். மூட்டைகளை அவிழ்த்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒருத்தரும் தும்மக்கூட இல்லை.

அதிகாரியோடு ஒரு தமிழ் ஆள் இருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சிலுவார், நெற்றியில் மெல்லிய திருநீறு. டவுனில் ஆபீஸ் வேலை பார்க்கிறவர் மாதிரி தெரிந்தது. எங்கள் பேச்சை அதிகாரிக்கு இங்கிலீஷில் சொல்வது அவர் வேலை. என் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்து அவர் தலையில் அடித்துக்கொண்டார். அரிசி மாவைக் கேட்டுக்கு வெளியே கொண்டு வரலாமா, இது தெரியாதா என்று கடிந்தார். கோவிலுக்கு என்று சொன்னேன். எனக்குப் புரியுதும்மா, துரைக்குப் புரியணுமே என்றார். அப்போதுதான் மகள் கையிலிருந்த மூடியை அதிகாரி பார்த்தார். குனிந்து, இது என்ன என்பதுபோல் விரலை நீட்டினார்.

தமிழ் ஆள் சிரித்த முகத்தோடுதான் கேட்டார். "இது என்ன பாப்பா? சும்மா சொல்லு லா."

அவளிடம் அப்படி யார் கேட்டாலும் போதும். மூடியைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். "இது வேலி. இது எங்க நாயி. இது மாமா. மாமா வேலிக்கு அந்தப் பக்கம் நிப்பாரு. நாய்க்கு வச்ச சோத்த அவருதான் சாப்புடுவாரு. பேச மாட்டாரு. சாப்புட்டுட்டு எலய மடிச்சு மண்ணுல பொதைப்பாரு."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. சோறு யார் கொடுப்பார்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

"அப்பா."

அவர் என்னைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன், கோழி ரயிலேறிய கதை மாதிரி இதுவும் ஒன்று என்று. பக்கத்தில் நின்ற மாத்தா ஒருவனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்போல. அவன் தலையைத் திருப்பியதும் தமிழ் ஆளுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. இங்கிலீஷில் சொன்னார். அதிகாரி கையை அசைத்தார். ஆண்கள் வரிசையிலிருந்து என் வீட்டுக்காரரைப் பிடித்து இழுத்து வந்து, லோரிக்கு முன்னால் தலையில் கை வைக்கச் சொல்லி நிறுத்தினார்கள். ஒரு சிப்பாய் அவர் முதுகில் துப்பாக்கியை வைத்தான். அப்போதுதான் என் சிரிப்பு நின்றது.

அந்த லோரியில் அவரை ஏற்றிவிட்டால் அவ்வளவுதான். பக்கத்துத் தோட்டத்துக்காரி சாலையில் நின்ற இடத்தில் நான் நிற்பேன். எனக்குப் பயத்தில் கோபம்தான் வந்தது. ஆறு வயசுப் பிள்ளை கதை கட்டுவதைக் கேட்டுக்கொண்டு ஒரு மனுஷனைப் பிடிப்பீர்களா என்று கத்தினேன். இவள் நாளைக்கு எங்கள் வீட்டுக்கு யானை வந்தது என்பாள், யானையையும் பிடிப்பீர்களா என்றேன். தமிழ் ஆள் கையைக் காட்டி அடக்கினார். நான் அடங்கவில்லை. எனக்கு ஒரு வழி தெரியும் என்ற தைரியம்.

"அய்யா, அவளையே இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லுங்க. சொன்னத சொல்ல மாட்டா. மாத்தித்தான் சொல்லுவா. பாருங்க."

அவர் அதிகாரியிடம் கேட்டார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். தமிழ் ஆள் மகள் முன்னால் முழங்காலிட்டு, இன்னொரு தடவை சொல்லு பாப்பா என்றார்.

மகள் உடனே சொல்லவில்லை. அவள் வழக்கம் அது இல்லை. கேட்ட மூச்சில் தொடங்கிவிடுகிறவள், அப்பாவைப் பார்த்தாள். தலையில் இருந்த கைகளைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் நின்ற சிப்பாயைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, குனி என்று கையைக் காட்டினாள். குனிந்தேன். என் நெற்றியிலிருந்த குங்குமத்தில் விரலைத் தேய்த்து எடுத்து, மாவு ஆளின் நெற்றியில் பொட்டு வைத்தாள்.

"இது மாமா இல்ல. முனியாண்டி. தோட்டத்துக்குக் காவலு. வேலிக்கு அந்தப் பக்கந்தான் இருப்பாரு, உள்ள வர மாட்டாரு. நாயி அவரோட நாயி. அப்பா சோறு வச்சுப் படைப்பாரு. சாமி பேசாது. எலயில படைச்சத மிதிக்கக் கூடாதுன்னு மண்ணுல பொதைச்சிருவாரு."

தமிழ் ஆள் கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போய்க் கையை இறக்கினார். எழுந்து அதிகாரியிடம் நீளமாகப் பேசினார். ஒவ்வொரு தோட்டத்திலும் காட்டோரம் முனியாண்டிக்கு ஒரு கல்லோ சூலமோ இருக்கும், படையலும் போடுவார்கள் என்று எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சாமி சிலை என்று கையால் காட்டினார். அதிகாரி குனிந்து அந்தச் சிவப்புப் பொட்டைப் பார்த்தார். முதல் தடவையாகச் சிரித்தார். சிப்பாய் துப்பாக்கியை எடுத்தான்.

எல்லாரும் மூச்சு விட்டார்கள். நான் மட்டும் மகள் சொன்னதை ஒவ்வொன்றாகத் திரும்ப எண்ணிப் பார்த்தேன். என் மகள் கதையை மாற்றினால் பாதி சாமான் தொலைந்துபோகும். கோழி போனால் முட்டை போகும். இந்தக் கதையில் ஒன்றும் தொலையவில்லை. வேலி இருந்தது, நாய் இருந்தது, சோறு இருந்தது, பேசாத வாய் இருந்தது, மண்ணில் புதைத்த இலைகூட இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லியிருந்தாள். கட்டிய கதை இதுதான் என்று எனக்கு அங்கேயே, அந்த வெயிலில் நின்றபடியே தெரிந்துபோயிற்று. அப்படியானால் முதலில் சொன்னது என்ன?

மாவை மட்டும் விடவில்லை. ஒரு சிப்பாய் தூக்குச்சட்டியைச் சாலையோரக் கால்வாயில் கவிழ்த்து, பூட்ஸால் தேய்த்தான். அடுத்த முறை இப்படிக் கொண்டு வந்தால் ஜெயில்தான் என்று அதிகாரி சொன்னதைத் தமிழ் ஆள் எனக்குச் சொன்னார். மாவு ஆளை மகளிடமே விட்டார்கள். பஸ்ஸில் ஏறும்போது தமிழ் ஆள் எனக்குப் பக்கத்தில் வந்து, யாரையும் பார்க்காமல், பிள்ளையைப் பார்த்துக்கொள் அம்மா, எல்லா ஊரிலும் நான் நிற்க மாட்டேன் என்றார். அவருக்கும் தெரிந்திருந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மலாக்கா போய்ச் சேர்ந்தோம். டவுனில் இறங்கியதும் உப்புக்காற்று அடித்தது. மகளுக்குக் கடல் காட்டுகிறேன் என்று சொல்லிக் கூட்டி வந்தது நினைவிருந்தும் அவள் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை. கோவிலுக்கு வெளியே தண்ணீர்க் குழாயில் காலைக் கழுவும்போதுதான் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"பாப்பா மொதல்ல சொன்னதுதான் நெசம்."

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஆள் முன்பு எங்கள் தோட்டத்தில் அவருக்குப் பக்கத்து மர நிரையில் பால் வெட்டியவர். எங்கள் கல்யாணத்துக்குப் பந்தல்கால் நட்டவர். தொழிற்சங்க ஆட்களைத் தேடிப் பிடிக்க ஆரம்பித்தபோது ஓடிக் காட்டுக்குள் போனார், போன வழியில் திரும்ப முடியவில்லை. ஒரு சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, பசிக்குது என்று மட்டும் சொன்னாராம். என் வீட்டுக்காரரால் சும்மா வர முடியவில்லை. இதையெல்லாம் குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் சொன்னார்.

சோறு கொடுத்ததற்கு நான் அவரைத் திட்டவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் நானும் கொடுத்திருப்பேனோ என்னவோ. பிள்ளையை எதற்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை. பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு கக்கூஸுக்குப் போகிற ஆளை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்றார்.

"சின்னப் புள்ளைக்கு என்னா தெரியும்னு நெனச்சேன்."

அந்த நிமிஷம் அவரை எனக்குப் பிடிக்கவில்லை. கோவில் வாசல் என்றும் பார்க்காமல் அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளையோடு எங்காவது போய்விடலாமா என்றுகூட இருந்தது. இனிமேல் போக மாட்டேன் என்று அவராகவே சொன்னார். சற்றுக் கழித்து, இன்றைக்குச் சாயங்காலமும் அவன் வந்து நிற்பான் என்றார். நான் குழாயை மூடினேன்.

நேர்த்திக்கடனை நிறுத்தக் கூடாது. மாவு கால்வாயில் போய்விட்டது. மிச்சம் இருந்தது மகள் கையில் இருந்ததுதான். குடு கண்ணு என்று கையை நீட்டினேன். அவள் நாயைக் கொடுத்தாள். போதாது என்றேன். வேலிக் காம்புகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கடைசியில் அந்த ஆளையும் கொடுத்தாள். நீட்டிய கையை முதலில் மடக்கினேன், பிறகு தலையை. நெற்றிக் குங்குமம் மாவோடு கலந்து இளஞ்சிவப்பாயிற்று. எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து, கட்டைவிரலால் குழி வைத்து, கோவிலிலேயே கொஞ்சம் நெய் வாங்கி ஊற்றி ஏற்றினேன். உள்ளங்கை அகலம்கூட இல்லாத விளக்கு. மகள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் தீயைக்கூடப் பார்க்காமல், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு அணைந்ததும் அந்த மாவைப் பிட்டுப் பிரசாதமாகக் கொடுத்தேன். இப்போது சாப்பிடலாம் என்றேன். சாப்பிடாமல் கைக்குள் மூடிக்கொண்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஏதாவது செய்வாள் என்று ஒரு ஆசை. செய்துவிடப் போகிறாளே என்று ஒரு பயம். கை மூடியே இருந்தது. தூரத்தில் அதே லோரி தெரிந்தபோது என் காதருகே வந்தாள்.

"அம்மா, திரும்பக் கேட்டா எதச் சொல்றது?"

நானும் குனிந்து அவள் காதில் சொன்னேன். "ரெண்டாவது சொன்னியே, அத."

"அதே மாதிரியா?"

"அதே மாதிரி. ஒரு வார்த்தையும் மாறக் கூடாது."

சரி என்று தலையாட்டினாள். இந்தத் தடவை இறங்கச் சொல்லவில்லை. ஒரு மலாய் மாத்தா மட்டும் மேலே ஏறி வந்தான். தமிழ் ஆளைக் காணவில்லை. மாத்தா எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் நின்று, மூடியிருந்த அவள் கையைக் காட்டி என்ன என்று கேட்டான். அவள் மாவை வாயில் போட்டு ஒரே விழுங்காக விழுங்கினாள். இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். கேட்காமலேயே வாயையும் ஆவென்று திறந்து காட்டினாள். அவன் சிரித்து, அவள் தலையைத் தட்டிவிட்டு இறங்கிப் போனான். பஸ் கிளம்பியது. எங்கள் தோட்டத்துக் கேட்டு வரும்வரை அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

அன்றிலிருந்து சோறு நாய்க்கே போயிற்று. நாய் கொழுத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர் எத்தனை சாயங்காலம் வந்து பார்த்தார், பிறகு என்ன ஆனார் என்பது எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. லயத்துக்கு முன்னால் செம்மண் அப்படியே கிடந்தது. நானே குழைத்துக் கொடுத்தும் மகள் தொடவில்லை. ஆயாக் கொட்டகை ஆயா, ஒன் மக இப்பல்லாம் பொய்யே சொல்றதில்ல, திருந்திட்டா என்று என்னிடம் சொன்னாள். எனக்கு அவளோடு சண்டை போடவும் தெம்பில்லை. ஒரு சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் பேச்சுக் குரல் கேட்டுப் போய்ப் பார்த்தேன். மகள் நாய்க்கு முன்னால் உட்கார்ந்து முனியாண்டி கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். முழுவதும் நின்று கேட்டேன். ஒரு வார்த்தை மாறவில்லை.